பக்கத்து வளவில் யார்? கவிதைக் கேள்விகளுக்கு ரீச்சர் பதில்

*ரீச்சர், நான் பிறந்தது ரொறன்ரோவில். அம்மாவின் ஊர் களுவாஞ்சிக்குடி. சின்ன வயதில் வந்து போனதுதான். ஊரைப் பற்றிக் கவிதை எழுதினால், "இருந்து பார்க்காத ஊரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிறார்கள். எழுத எனக்கு உரிமை இருக்கிறதா?*
வாசகி, கனடா

மகள், இதற்கு யாரிடமும் விண்ணப்பம் போடத் தேவையில்லை. எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் ஒரு பிள்ளை எந்தக் குடி, அதாவது எந்த வம்சம், என்பது தாயைக் கொண்டுதான். கோயிலில் குடி கேட்டால் தகப்பனுடைய குடியைச் சொல்வதில்லை. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொது வழக்கம். அம்மா கனடாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் அம்மம்மாவின் வளவில் ஒரு துண்டு அம்மாவுக்கு வந்திருக்கும், அதில் ஒரு துண்டு உங்களுக்கு. எங்கள் கணக்கில் நீங்கள் வெளியாள் இல்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய கவிதையில் வாவி இருக்கிறது, பாடும் மீன் இருக்கிறது, கல்லடிப் பாலமும் நிலவும் இருக்கின்றன. களுவாஞ்சிக்குடியைக் காணவில்லை. சுற்றுலாப் புத்தகத்தில் வருகிற மட்டக்களப்பு அது. அம்மாவிடம் வேறு விதமாகக் கேளுங்கள். அம்மம்மாவின் வளவு இப்போது யாரிடம்? காணி உறுதிப் பத்திரம் யார் பெயரில்? கிணறு யாருக்குப் பங்கு? பக்கத்து வளவில் யார் இருந்தார்கள், இப்போது எங்கே? இதற்கெல்லாம் அம்மா சட்டென்று பதில் சொல்வா. ஓரிடத்தில் நிறுத்துவா, அல்லது பேச்சை மாற்றுவா. உங்கள் கவிதை அந்த இடத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து கனடாவுக்குப் போன கவிஞர் திருமாவளவன் தம்முடைய தொகுப்புக்கு வைத்த பெயர் ‘பனிவயல் உழவு’ (2000). விட்டுவந்த வயலையும் வந்து நின்ற பனியையும் ஒரே சொல்லில் பிடித்திருந்தார். அவர் ஊரிலிருந்து பனிக்குப் போனவர். நீங்கள் பனியிலிருந்து ஊருக்கு வருகிறீர்கள். அதனால் பனியை எழுதாமல் விட்டுவிட வேண்டாம். உங்கள் கண்ணால் பார்த்தது அதுதானே.

*இத்துடன் என் கவிதை ஒன்றை அனுப்புகிறேன். 2006 கடைசியில் நாங்கள் வாகரைப் பக்கமிருந்து காட்டுவழியாக நடந்து வந்ததைப் பற்றியது. திருத்தித் தர முடியுமா?*
வாசகர், கதிரவெளி

தம்பி, கவிதை நீளமாக இருப்பதால் முழுதாக இங்கே போட இடமில்லை. தொடக்கம் இப்படி:

தாய்மண்ணே, உன்னைப் பிரிந்து
வேரறுந்த மரமாய் வீழ்ந்தேன்

இந்த இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள். பொய்யான வரிகள் என்பதால் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போனவரும், மன்னாரிலிருந்து போனவரும், ஒரு நாளும் வீட்டைவிட்டு ஓடாதவரும்கூட இதே வரியை எழுதியிருக்கிறார்கள். உங்கள் அம்மா இதில் இல்லை. அம்மா வருவது ஒன்பதாவது வரியில்:

விடியுமுன் நடந்தோம்
ஆட்டை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தா அம்மா
கயிறு மட்டும் கையில் இருந்தது
ரிதிதென்ன வரைக்கும்

இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டேன். ஆட்டை அவிழ்த்துவிட்டா என்றால், பின்னேரம் வந்து கட்டப் போவதில்லை என்று அவவுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிப்போட்ட ஆடு தண்ணீர் இல்லாமல் செத்துப்போகும். மற்றவர்கள் இரண்டு நாளில் திரும்பலாம் என்று கதைத்துக்கொண்டு நடந்திருப்பார்கள். உங்கள் அம்மா அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் கயிற்றை எறியவில்லை. வாகரையிலிருந்து அந்த மாதங்களில் யுத்தத்துக்குத் தப்பி வந்த ஆயிரக்கணக்கான சனங்களைப் பற்றி எத்தனையோ அறிக்கை வாசித்தேன். இந்தக் கயிறு ஒன்றிலும் இல்லை.

கயிறு என்ன சொல்கிறது என்று விளக்கி அடுத்து நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். "மட்டும்" என்ற சொல்லும் வேண்டாம், அது வாசிப்பவரைப் பிடித்து அழச் சொல்கிறது. "கயிறு கையிலேயே இருந்தது" என்றால் போதும். "என்று விடியும் எம் வாழ்வு?" என்ற முடிவையும் வெட்டுங்கள். அதற்குப் பதிலாக முகாமில் அந்தக் கயிறு என்னவானது என்று எழுதுங்கள். தறப்பாள் கட்டவா, உடுப்புக் காயப்போடவா, தலைமாட்டில் சுருட்டி வைக்கவா? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். திருத்தி அனுப்பினால் அடுத்த இதழிலேயே போடுவோம்.

*மரபில் எழுதினால் பழைய ஆள் என்கிறார்கள். புதுக்கவிதை எழுதினால் ஓசை இல்லை என்கிறார்கள். எதில் எழுதுவது?*
வாசகர், பெரியகல்லாறு

உங்கள் காதுக்கு எது வருகிறதோ அதில். எங்கள் பக்கத்துக் கவிஞர் நீலாவணன் செய்யுளில்தான் எழுதினார். பெரியநீலாவணைப் பேச்சு அதற்குள் தாராளமாக நடமாடியது. இதற்கு மேல் இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

*உங்கள் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இடப்பெயர்வுக் கவிதை என்றதும் தமிழர் பட்ட பாடுதான் உங்களுக்கும் முதலில் வருகிறது. நாங்களும் இந்த மண்ணில்தான் இருந்தோம், ஓடினோம், செத்தோம். எங்கள் கவிதை உங்கள் இடப்பெயர்வு இலக்கியத்துக்குள் வருமா, அல்லது முஸ்லிம் இலக்கியம் என்று வேறு அலுமாரியில் வைப்பீர்களா?*
வாசகி, ஏறாவூர்

தங்கச்சி, கேட்டதற்கு நன்றி. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் படுவான்கரைப் பிள்ளை, வாவிக்கு மேற்குக் கரை. வெள்ளாமை வெட்டி முடிந்ததும் காத்தான்குடியிலிருந்து புடவை வியாபாரி ஒருவர் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வருவார். அம்மா அவருக்குப் பாயைப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, காசை அடுத்த போகத்துக்குத் தருவதாகச் சொல்வா. அவர் கொப்பியில் எழுதிக்கொள்வார். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையான தேதி, கலியாணத் தேதி எல்லாம் அந்தக் கொப்பியில் கடனாக இருந்தது. 1990க்குப் பிறகு அவர் வரவில்லை. அம்மாவுடைய கடன் மிச்சம் இருந்தது. கொடுக்க ஆள் இல்லை என்று சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தா.

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாளில் உங்கள் ஏறாவூர். அடுத்த மாதம் வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அகதிகளாக இருந்த தமிழர் பலர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பவில்லை. அதே மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். கூடுதலானவர்கள் புத்தளத்தில் போய் இருந்தார்கள். துப்பாக்கி வெவ்வேறு கையில் இருந்தது. செத்தவர்கள் எல்லாரும் ஒரே சந்தைக்குப் போனவர்கள்.

எங்கள் மேடைகளில் வந்தாறுமூலைக்குக் கவிதை வாசிக்கிறோம். ஏறாவூருக்கு நீங்கள் வாசிக்கிறீர்கள். ஒரே மேடையில் இரண்டையும் வாசித்ததை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். தன்னுடைய இழப்பை மட்டும் எண்ணும் கவிதையை நான் முழுக் கவிதையாக எடுப்பதில்லை. அதில் அழுகை உண்மைதான், ஊர்தான் பாதி. எங்கள் ஊர் என்று ஒருவர் எழுதும்போது பக்கத்து வளவுக்காரர் அந்தக் கவிதையில் இருக்க வேண்டும். அவர் ஓடியிருந்தால், ஓடினதும் இருக்க வேண்டும். எங்களுக்குப் பயந்து ஓடியிருந்தால், அதை எழுதத்தான் கவிஞருக்கு நெஞ்சுரம் வேண்டும்.

இனி உங்கள் அலுமாரிக் கேள்வி. கிழக்கின் கவிதையை முஸ்லிம் கவிஞர்களை விட்டுவிட்டு அடுக்கவே முடியாது. கல்முனையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் 1981இல் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பு நூல் கொண்டுவந்தார். பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூட் தர்வீஷின் ‘அடையாள அட்டை’யை எங்களில் பலர் முதன்முதல் வாசித்தது அந்தப் புத்தகத்தில்தான். தர்வீஷின் கிராமம் 1948இல் அழிக்கப்பட்டது. அவர் அந்தக் கவிதையை எழுதியது 1964இல். அப்போது அது எங்களுக்குத் தூரத்துக் கதை. பிறகு ஒவ்வொரு செக்பொயின்ரிலும் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டு அட்டையைக் கேட்ட வருடங்கள் வந்தன. நான் வகுப்பில் அந்தக் கவிதையைப் படிப்பித்தபோது சொற்பொருள் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளின் சட்டைப் பையில் பொருள் இருந்தது.

கல்முனை சோலைக்கிளியின் ‘எட்டாவது நரகம்’ 1988இலும் ‘காகம் கலைத்த கனவு’ 1991இலும் வந்தன. அவருடைய காகமும் பூனையும் மரமும் எங்கள் வளவில் திரிபவைதான். ஆனால் அச்சம் அவற்றுக்குள் புகுந்து அவற்றை வேறு பிராணியாக்கியிருக்கும். சாய்ந்தமருது அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’ (2007) வந்தபோது, ஒரு பெண் தன்னுடைய உடலையும் மொழியையும் தன்னுடைய ஊர் என்று எடுத்துக்கொள்வதை வாசித்தேன். அதே அனார் எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் கிராமியக் கவிகளையும் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்று தொகுத்தார். அதிலுள்ள மச்சானும் மச்சியும் வயலும் வரம்பும் என் அம்மா பாடிய பாட்டுகளிலும் இருந்தவை. இந்தக் கவிகளை எந்த அலுமாரியில் வைப்பது, சொல்லுங்கள்?

பதில் சொல்லிவிட்டேன். இனி உங்களிடம் ஒரு கேட்பு. 1990ஐப் பற்றி உங்கள் வீட்டில் சொல்லப்படுவதை எழுதுங்கள். எங்களுக்குக் கேட்கக் கூசுகிறதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் சொல் மாறாமல் வரும். அதே இதழில் வந்தாறுமூலையிலிருந்து ஒரு கவிதையையும் நான் கேட்டு வாங்கிப் போடுவேன்.

*நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். ஈழத்துக் கவிதையில் போரும் இடப்பெயர்வும் வந்ததை வாசிக்க எங்கே தொடங்குவது? புத்தகம் வாங்கக் காசு இல்லை.*
வாசகர், செங்கலடி

தொகுப்புகளில் தொடங்குங்கள். ‘மரணத்துள் வாழ்வோம்’ 1985இல் வந்தது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கவிதையின் குரல் எப்படி மாறியது என்று அதில் தெரியும். அடுத்த வருடமே பெண்களின் கவிதைகள் மட்டும் கொண்ட ‘சொல்லாத சேதிகள்’ வந்தது. அதை முன்னின்று கொண்டுவந்த சித்திரலேகா மௌனகுரு பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர், உங்கள் வளாகம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். முதலாவதில் நாடு எரிகிறது. இரண்டாவதில் அதே நேரம் வீட்டுக்குள் நடப்பது தெரிகிறது.

பிறகு பாண்டிருப்பு சண்முகம் சிவலிங்கத்தின் ‘நீர்வளையங்கள்’ (1988). அவசரப்படாமல் வாசிக்க வேண்டிய கவிஞர். சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ சனம் போன பிறகு வெறிச்சோடிக் கிடந்த புங்குடுதீவைப் பாடுவது. ஓடினவர்களை எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். ஆளில்லாத ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்று பாடியவர் அவர். அவுஸ்திரேலியாவில் இருக்கும் ஆழியாள் அந்த நாட்டு ஆதிக்குடிகளின் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அகதியாய்ப் போய்ச் சேர்ந்த நாடும் இன்னொருவரிடமிருந்து பறித்த நாடுதான் என்று உறைக்கும். புலம்பெயர்ந்து எழுதுபவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

காசைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. போனிலேயே வாசிக்கலாம். ஆனால் பிடித்த கவிதையைக் கையால் கொப்பியில் எழுதுங்கள். எந்தச் சொல்லில் கவிஞர் நின்றார் என்று அப்போதுதான் பிடிபடும்.

*எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் வீடு தந்தார்கள். கல்வீடு, கரண்ட், குழாய்த் தண்ணி எல்லாம் இருக்கிறது. மாவட்டமும் மாறவில்லை, நகரமும் மாறவில்லை. ஆனாலும் எனக்கு அகதி மாதிரித்தான் இருக்கிறது. இதை இடப்பெயர்வு என்று எழுதினால் சிரிப்பார்களா?*
வாசகி, திராய்மடு

யார் சிரிப்பது? அப்படிச் சிரிப்பவரை ஒரு மீன்பிடிக் குடும்பத்தைக் கடலுக்குக் காது எட்டாத இடத்தில் இருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில் ஆளைப் பறிகொடுக்காத வீட்டைத் தேடத்தான் வேண்டும். தெற்கே அம்பாறை மாவட்டத்தில்தான் நாட்டிலேயே கூடுதலான உயிர் போனது. பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுக்கத் தமிழும் முஸ்லிமும் ஒரே குழியில் கிடந்தார்கள்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். முந்தி உங்கள் அக்காவின் வீடும் உங்கள் வீடும் அம்மாவின் வளவுக்குள் வேலியில்லாமல் இருந்தன என்கிறீர்கள். திராய்மடுவில் வீடு குலுக்கலில் விழுந்ததால் அக்கா ஒரு தெரு, நீங்கள் ஒரு தெரு. வீட்டுப் பத்திரத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் உங்கள் கணவரின் பெயர்.

மேலே கனடாப் பிள்ளைக்குச் சொன்ன தாய்வழிக் கதையை இதனோடு சேர்த்துப் பாருங்கள். எத்தனை தலைமுறையாகப் பெண்ணின் கையில் இருந்த வீடு ஒரு படிவத்தில் ஆணின் பெயருக்குப் போயிருக்கிறது. சுனாமி வீடுகள் கொடுத்த காலத்தில் கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதைச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். சில இடத்தில் கேட்டது, பல இடத்தில் கேட்கவில்லை. கடல் கொண்டுபோனதை எல்லாரும் பாடியாயிற்று. அந்தப் படிவம் கொண்டுபோனதை யாரும் பாடி நான் வாசிக்கவில்லை. பத்திரத்தில் இருக்கிற சொற்களையே எடுத்து எழுதிப் பாருங்கள். பெயர், உறவுமுறை, நிரந்தர முகவரி என்று கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் நீங்கள் எழுத நினைத்த பதிலும், எழுதச் சொன்ன பதிலும். அக்காவின் வீட்டு விளக்கு உங்கள் படலையில் நின்றால் தெரியுமா? அதையும் எழுதுங்கள்.

*நான் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். சவூதியில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவள். அங்கே என் பெயர் அவர்கள் வாய்க்கு வரவில்லை என்று வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். பாஸ்போட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ராத்திரியில் ஒரு கொப்பியில் எழுதினேன். இங்கே வந்தால் என் சின்ன மகன் என்னை மாமி என்று கூப்பிட்டான். அதையும் எழுதினேன். இதெல்லாம் கவிதையா?*
வாசகி, மண்டூர்ப் பக்கம்

அக்காவா தங்கச்சியா தெரியாது, தங்கச்சி என்றே சொல்கிறேன். யுத்தம் கலைத்தவர்களுக்குப் பெயர் உண்டு, பதிவு உண்டு, முகாமும் உண்டு. கடனும் வறுமையும் கலைத்த பெண்களை நாங்கள் "வெளிநாட்டுக்குப் போனவ" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எங்கள் கிராமங்களில் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. திரும்பி வந்து சொந்த வீட்டில் விருந்தாளியாக நிற்கும் அந்த நாட்களைப் பற்றி ஒரு நல்ல கவிதைக்காக நான் கனகாலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கவிஞர்கள் உங்களைப் பற்றி எழுதியது உண்டு, கூடுதலும் இரக்கப்பட்டு. நீங்களே எழுதியதுதான் வேண்டும்.

கவிதையா இல்லையா என்று கொப்பியைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த வீட்டில் வைத்த பெயரை எழுதவில்லை. கொப்பியில் எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அந்தப் பெயரிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பெயருக்கு நீங்கள் எப்போது முதன்முதல் திரும்பிப் பார்த்தீர்கள், மகன் மாமி என்றபோது திரும்பிப் பார்த்தீர்களா என்று எழுதுங்கள்.

எழுத்துப்பிழையைத் திருத்தி, வடிவாகத் திரும்ப எழுதி அனுப்ப வேண்டாம். கொப்பியைக் கையைவிட்டு அனுப்பவும் வேண்டாம், தபாலில் தொலைந்தால் திரும்ப வராது. மகனிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ கொடுத்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வட்ஸ்அப்பில் இதழின் எண்ணுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தட்டச்சு செய்வது எங்கள் வேலை. உங்கள் பெயர் போட விருப்பமில்லை என்றால் ஊரின் பெயரைப் போட்டுக்கொள்வோம்.